கல் கருடனும் மூன்று கொட்டேஷனும்

கும்பகோணத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் 31 வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். குண்டூசிப் பெட்டி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, எவன் விலை குறைவோ அவனுக்கே ஆர்டர் கொடுப்போம். வந்த குண்டூசியில் பாதி மழுங்கிப்போயிருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. கோப்பு கூர்மையாக இருக்கும்.

ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. தேங்காய்க்கு மூன்று கடை விசாரித்து, முதல் கடைதான் மலிவு என்று முடிவு செய்து திரும்பி வருவதற்குள் முதல் கடைக்காரர் ஷட்டரை இறக்கியிருப்பார். அன்றைக்கு வீட்டில் சட்னி இருக்காது. "அப்பா டெண்டர் விட்டிருக்காங்க" என்று பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். சிக்கனம் தெரியாத தலைமுறை.

அப்படிச் சிரித்த பிள்ளைகளில் மூத்தவன் இப்போது ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறான். அவன் வீடு இருக்கும் பேட்டைக்குப் பெயர் சுந்தர். ஆள் பெயர் இல்லை, பேட்டையின் பெயரே அதுதான். நானும் மனைவியும் 74 வயது மாமியாருமாக அங்கே போய் இறங்கிய மூன்றாம் நாள் அவன் சொன்னான். "எனக்கு லீவு கிடைக்கலப்பா. நீங்க மூணு பேரும் பாலிக்கும் யோக்யகர்த்தாவுக்கும் போயிட்டு வாங்க. டிக்கெட்டை நான் போட்டுடறேன்."

"டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன். நீ கார்டை மட்டும் கொடு" என்றேன்.

என் மனைவி அந்த நிமிஷமே எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அனுபவசாலி.

இந்தோனேசியாவில் 17,000 தீவுகளுக்கு மேல் இருக்கின்றன. நடுவே கடல். நமக்கு டவுன் பஸ் எப்படியோ அப்படி அவர்களுக்கு விமானம். பஸ் கம்பெனிபோலவே விமானக் கம்பெனிகளும் ஏராளம். பழைய அரசாங்கக் கம்பெனி கருடா. அதன் சிக்கனத் தங்கை சிட்டிலிங்க். 2000இல் பறக்கத் தொடங்கி நாட்டின் பெரிய கம்பெனியாக வளர்ந்த லயன், அந்தக் குடும்பத்திலேயே கொஞ்சம் பவிசான, துணியின் பெயர் கொண்ட பாத்திக், குட்டி ஊர்களுக்குக் காற்றாடி விமானம் விடும் விங்ஸ், 2021இல் பிறந்த கடைக்குட்டி சூப்பர் ஏர் ஜெட். மலேசியாவிலிருந்து வந்து கடை போட்ட ஏர் ஏசியா. இவை போதாதென்று ஸ்ரீவிஜயா, பெலிதா, டிரான்ஸ்நுசா. மூன்று கொட்டேஷனுக்கே மூச்சு முட்டிய எனக்குப் பத்துக் கொட்டேஷன் ஒரே நாளில் வந்து விழுந்தது. பணியில் இருந்த காலத்தில்கூட நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. ஒரு டிக்கெட் விலை பன்னிரண்டு லட்சம் ரூபாய். அவர்கள் ரூபாயா. நம் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம்தான். ஆனாலும் லட்சம் லட்சம்தானே? வேலையில் இருந்தவரை ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் கிடையாது. இங்கே சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, கையில் காப்பியோடு, முப்பத்தாறு லட்சத்துக்கு டெண்டர் பரிசீலித்தேன். அன்று காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டேன். கம்பெனி, கட்டணம், நேரம், சாப்பாடு, குறிப்புரை. குறிப்புரைக் கலத்தை நிரப்பத்தான் குடும்பத்தைக் கூப்பிட்டேன். அது தப்பு.

மாமியார் சாரங்கபாணி சந்நிதியில் வளர்ந்தவர். "இதுல என்ன யோசனை மாப்பிள்ளை? கருடன். பெருமாள் வாகனம். நம்ம நாச்சியார்கோயில் கல் கருடனைச் சேவிச்சவளுக்கு வேற வாகனம் எதுக்கு?" என்றார்.

மனைவி செவ்வாய்க்கிழமை தவறாமல் பட்டீஸ்வரம் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடுகிறவள். "அப்ப சிங்கம்? அம்பாளோட வாகனமாச்சே. அதுவும் இறக்கை வச்ச சிங்கம்" என்றாள்.

அரை மணி நேரம் ஜகார்த்தாவில் வைணவத்துக்கும் சாக்தத்துக்கும் நடந்த வாதத்தை நான் விவரிக்கப் போவதில்லை. இரண்டு தரப்புக்கும் தீனி போட்டவன் என் பையன். லயன் விமானங்களில் இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் பிரார்த்தனை அட்டை வைத்திருப்பார்களாம். இஸ்லாம், கிறிஸ்தவம், இந்து, பௌத்தம் என்று எல்லா மதத்துக்கும் தனித்தனியாகப் பிரார்த்தனை. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று மாமியார் ஒரு நொடி தடுமாறினார். உடனே அவன் கருடாவின் கதையை எடுத்துவிட்டான். 1948இல், டச்சுக்காரர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், அச்சே மாகாணத்து மக்கள் நன்கொடை திரட்டிக் குடியரசுக்கு ஒரு டகோட்டா விமானம் வாங்கிக் கொடுத்தார்களாம். அதற்குச் செலாவா என்று பெயர். தங்க மலை என்று அர்த்தம். அது நம் கல்கத்தாவில் பராமரிப்பு வேலைக்காக நின்றிருந்தபோது ஊரில் டச்சுக்காரர்கள் தலைநகரைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப முடியாத விமானம் பர்மாவுக்குப் போய், 1949 ஜனவரி 26ஆம் தேதி அங்கே வாடகைக்கு ஓடிச் சம்பாதிக்க ஆரம்பித்தது. அதுதான் கருடா கம்பெனியின் தொடக்கம்.

"ஜனவரி 26ஆ?" என்று மனைவி வியந்தாள். "தங்கம் கொடுத்தாங்களா?" என்று மாமியார் கேட்டார். தங்கமாகவும் கொடுத்தார்கள் என்றான் பையன். இருவருமே தங்கள் வளையல்களைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள்.

ஸ்ரீவிஜயாவை நானே கழித்துவிட்டேன். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி அடித்தது அந்தப் பெயர் கொண்ட ராஜ்யத்தைத்தான். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் தஞ்சாவூர் என்று போட்டுக்கொண்டு அவர்கள் விமானத்தில் ஜன்னலோரம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பாதுகாப்பு என்ற கலத்தைச் சேர்த்தேன். அதுவும் தப்பு. இரவு ஒரு மணிக்கு விமானப் பாதுகாப்பைப் பற்றிப் படிப்பவன் விடிந்ததும் கப்பல் டிக்கெட் விசாரிப்பான். 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசியாவின் எல்லா விமானக் கம்பெனிகளையும் தன் வானத்துக்குள் வரக் கூடாது என்று தடை செய்திருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2009இல் கருடா உட்படச் சில கம்பெனிகளுக்கு விலக்கு என்று இருந்தது. சாய்ந்துகொண்டேன். 2018 ஜூனில் மிச்சக் கம்பெனிகள் மீது இருந்த தடையையும் நீக்கிவிட்டார்கள். படுத்துக்கொண்டேன். இந்த மூன்று வரியைப் படிக்க எனக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு முறை தண்ணீரும் தேவைப்பட்டன.

மறுநாள்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. அந்த நாட்டில் உள்நாட்டுச் சாதாரண வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, அடிவரம்பும் வைத்திருக்கிறது. கம்பெனிகளை முழுச் சேவை, நடுத்தரச் சேவை, சிக்கனச் சேவை என்று மூன்றாகப் பிரித்து, முழுச் சேவைக்காரன் உச்சவரம்பில் நூறு சதவீதம்வரை வாங்கலாம், நடுத்தரம் 90, சிக்கனம் 85 என்று 2019 விதி சொல்கிறது. அதாவது, சாப்பாடு போட்டு, பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கும், தண்ணீர்கூடத் தராதவனுக்கும் உச்சத்தில் வித்தியாசம் பதினைந்தே சதவீதம். புத்தியுள்ளவன் இதைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவான்? பெரிய வித்தியாசம் இல்லை, வசதியானதில் போவோம் என்பான். நான் வந்த முடிவு: அந்தப் பதினைந்து சதவீதத்தை விடக் கூடாது.

கடைசியில் ஒரு கம்பெனி ஆளுக்கு 60,000 ரூபாயா குறைவாக நின்றது. மூன்று பேருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் மிச்சம். அதாவது நம் பணம் தொள்ளாயிரத்துச் சொச்சம். கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. விலங்கா, பறவையா, துணியா என்றும் கேட்காதீர்கள். குற்றம் அதனுடையது இல்லை, குறைந்த கொட்டேஷனைத் தேடிப் போனவனுடையது.

பாலியிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் போக இன்னொரு கம்பெனி. அதைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என் வாழ்நாள் சாதனை. ஜகார்த்தாவிலிருந்து பாலிக்குப் புறப்பாடு காலை 9 மணி, வருகை 11.50 என்று போட்டிருந்தது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். பாலியிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு இந்த இரண்டாவது கம்பெனி போட்டிருந்தது: புறப்பாடு 1.10, வருகை 1.35. இருபத்தைந்தே நிமிஷம்! குறிப்புரைக் கலத்தில் 'மிக விரைவு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். இவ்வளவு வேகமாகப் போகிற விமானத்தில் மாமியாரை ஏற்றலாமா என்று மட்டும் ஒரு சின்ன உறுத்தல்.

இந்தோனேசியாவில் மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று நேரங்கள் என்பதும், பாலி கடிகாரம் ஜகார்த்தா, யோக்யகர்த்தா கடிகாரங்களைவிட ஒரு மணி முன்னால் ஓடும் என்பதும், ஆகவே ஒன்றே கால் மணிக்கு மேல் பிடிக்கிற எந்தக் கம்பெனி விமானமும் அந்த வழியில் அட்டவணைப்படி இருபத்தைந்து நிமிஷத்தில்தான் போய்ச்சேரும் என்பதும் எனக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்தது. பையன் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் பெட்டிப் பிரச்சினை. என் குறைந்த கட்டணத்தில் கையில் கொண்டுபோகும் ஏழு கிலோ மட்டும்தான் உண்டு. கீழே போடும் பெட்டிக்குத் தனிப் பணம். "மூணு நாளுக்கு ஏழு கிலோ போதாதா?" என்று கேட்டு, வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தேன். பழைய பேப்பர்காரரிடம் எடை ஏமாறாமலிருக்க நான் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஜகார்த்தாவுக்கும் வந்திருந்தது. அதில் மாட்டிப் பார்த்தேன். மூன்று பையும் ஏழு ஏழு கிலோ. திருப்தியாகக் குளிக்கப் போனேன்.

நாச்சியார்கோயில் கல் கருடனைத் தெரியுமல்லவா? சந்நிதியிலிருந்து எடுக்கும்போது நாலு பேர் தூக்குவார்கள். நகர நகர எடை ஏறி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு என்று போய், கோயில் வாசலுக்கு வரும்போது 128 பேர் தோள் கொடுக்க வேண்டும். மாமியாரின் பை அந்த ரகம். படுக்கையறையில் ஏழு கிலோ. கூடத்தில் பருப்புப்பொடி டப்பா சேர்ந்தது. வாசலில் நார்த்தங்காய் ஊறுகாய். லிப்டுக்குள் போகும்போது, "பெருமாளை மட்டும் விட்டுட்டா போறது?" என்று கண்ணாடிச் சட்டம் போட்ட படம். சுகர்ணோ ஹத்தா விமான நிலையத்தில் தராசில் வைத்தபோது 9.4.

கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் சிரித்தேன். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து ஒரு பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வீட்டில் நான் குளிக்கப் போன நேரத்தில் இது பிறந்திருக்கிறது.

"இது என்ன?"

"சும்மா புடவைதாங்க."

பதினெட்டு கிலோ சும்மா. முன்னாலேயே இணையத்தில் கட்டியிருந்தால் ஒரு விலை, கவுண்டரில் வேறு விலை. ஆறு லட்சத்துச் சொச்சம் கட்டினேன். மாமியாரின் 9.4ஐ ஏழுக்குக் கொண்டுவர, ஊறுகாய் ஜாடி என் கோட்டுப் பையின் வலப்புறத்துக்கும் பருப்புப்பொடி இடப்புறத்துக்கும் வந்தன. பெருமாளை மனைவி குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆளை அவர்கள் எடை போடுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

காண்டிராக்டர்கள் பண்ணுகிற வித்தைதான் இது, எனக்குத் தெரியாதா? செங்கல் விலையைக் குறைத்துப் போட்டு ஆர்டரை வாங்கிவிடுவான். பிறகு வண்டிக்கூலி தனி, ஏற்றுக்கூலி தனி, இறக்குக்கூலி தனி என்று பில் வரும். 31 வருஷம் அந்தப் பில்களில் கையெழுத்துப் போட்டவன் அதே பில்லுக்கு மகனுடைய கார்டைத் தேய்த்தேன்.

பாலியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. விமானம் இறங்கியது, கடல் இருந்தது, விஷ்ணுவைச் சுமந்த கருடன் சிலை பீடத்தோடு 121 மீட்டர் உயரத்தில் தூரத்திலிருந்தே தெரிந்தது. "பார்த்தீங்களா மாப்பிள்ளை, யாரோட ஊருன்னு?" என்று மாமியார் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

சொல்ல வேண்டியது பாலியை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றி. ஒன்று பத்துக்குப் புறப்பட வேண்டிய 'மிக விரைவு' விமானம் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொல்லி, 'மோஹோன் மாஆஃப்' என்று முடித்தது. மாஆஃப் என்றால் நம் மாப்புதான். மன்னித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்தோனேசிய மொழியில் நான் கற்ற முதல் சொல். அன்று அதை ஒன்பது முறை கேட்டேன்.

போனில் பையனிடம் புலம்பியபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தோனேசியாவில் 2015 முதல் உள்நாட்டு விமானத் தாமதத்துக்கு அரசாங்க விதி இருக்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணிவரை தாமதமானால் குடிக்க ஏதாவது தர வேண்டும். இரண்டு மணிவரை போனால் அதோடு நொறுக்குத்தீனி. மூன்று மணிவரை என்றால் சாப்பாடு. நாலு மணிவரை என்றால் பானம், தீனி, சாப்பாடு மூன்றும். நாலு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் ஆளுக்கு மூன்று லட்சம் ரூபாயா ரொக்கம்.

அந்த நிமிஷம்வரை விமானம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த நான் கட்சி மாறினேன்.

மூன்று பேருக்கு ஒன்பது லட்சம். பெட்டிக்குக் கட்டிய ஆறு லட்சம் போகக் கையில் நிற்கும். என் ஒப்பீட்டுப் பட்டியல் மானத்தோடு வீடு திரும்பும். ஒன்று பத்தோடு நாலு மணி நேரம், ஐந்து பத்து. போர்டிங் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரே பயம் மழை. வானிலையால் தாமதமென்றால் அந்த ரொக்கம் கிடையாது. கண்ணாடிச் சுவர் வழியே ஒரு கருமேகம் கடலிலிருந்து எட்டிப் பார்த்தது. தஞ்சாவூர்க்காரன் வாழ்க்கையில் முதல்முறையாக மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். மேகம் போய்விட்டது.

விதிப்படி முதலில் தண்ணீர் வந்தது. மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கோப்பை, கூடவே கூரான உறிஞ்சுகுழல். நான் குத்திய வேகத்தில் தண்ணீர் நேரே என் சட்டையில் பீய்ச்சியது. பிறகு தீனிப் பெட்டி. அதில் ஒரு சாக்லேட் பன். இன்னொன்று வாழையிலையில் சுருட்டிய விரல் நீளப் பொட்டலம். பிரித்தால் பசபசவென்று வெந்த அரிசி வாசனை.

"அத்தை, நம்ம இலை அடைதான். தாராளமாச் சாப்பிடுங்க" என்று நானே பிரித்துக் கையில் கொடுத்தேன். உலகம் சுற்றியவன் தோரணையில்.

அவர் வாய்க்கருகே கொண்டுபோகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர் அம்மாள் தன் பொட்டலத்தைப் பாதி கடித்துவிட்டு உள்ளே இருப்பதை எங்களுக்குச் சந்தோஷமாகக் காட்டினார். நார் நாராகக் கோழிக்கறி. அதன் பெயர் லெம்பராம். மாமியார் பொட்டலத்தை மெதுவாக என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு யோக்யகர்த்தா போய்ச் சேரும்வரை என்னோடு பேசவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் வந்த சாப்பாட்டுப் பெட்டியிலும் சோற்றின் மேல் கோழியே உட்கார்ந்திருந்தது. மூன்று பெட்டியையும் எதிர் வரிசைப் பையன்கள் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் பருப்புப்பொடியையும் நார்த்தங்காயையும் வெறும் பன்னில் வைத்துத் தின்றோம். என் கோட்டுப் பை லேசானது.

நாலே முக்காலுக்கு விமானம் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் ஒன்பது லட்சம். இறங்க வேண்டியவர்கள் இறங்க வேண்டாமா, பெருக்க வேண்டாமா, எண்ணெய் போட வேண்டாமா? மனக்கணக்குப் போட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து அவர்கள் சுறுசுறுப்பு என்ன சுறுசுறுப்பு! பத்து நிமிஷத்தில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். கட்டியதை அவிழ்த்தேன். போர்டிங் அட்டையை எந்தப் பையில் வைத்தேன் என்று நான்கு பையிலும் தேடினேன். ஊறுகாய் ஜாடி வந்தது. பொடி டப்பா வந்தது. "சட்டைப் பையில இருக்குங்க" என்று மனைவி காட்டிக்கொடுத்தாள். மாமியாருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார் என்று கடைசியாக நம்பினேன். அவரை ஒரு பையன் சக்கர நாற்காலியில் வைத்துத் தேர்போல உருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டான்.

விமானம் நகர்ந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஆறு. 236 நிமிஷம்.

நாலு நிமிஷத்தில் ஒன்பது லட்சம் போனவன் இந்தியாவிலேயே எத்தனை பேர் இருப்பார்கள்?

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். யோக்யகர்த்தாவில் விடுதியையும் நான்தான் பார்த்திருந்தேன். விமான நிலையத்துக்கு எதிரிலேயே, பிரம்பனான் கோயிலுக்கும் பக்கம். "ஆட்டோக்கூலி மிச்சம், பெட்டியை உருட்டிக்கிட்டே நடந்துடலாம்" என்று பெருமையடித்திருந்தேன். இறங்கி வெளியே வந்தால் எதிரே விடுதி இல்லை. விடுதி இருக்கக்கூடிய ஊரே இல்லை. வயல்களும் தென்னைகளும், எங்கோ கடல் இரைச்சலும்.

அந்த ஊருக்கு விமான நிலையம் இரண்டு. பழையது அடிசுசிப்தோ, ஊரை ஒட்டியது. விடுதி அதன் எதிரே இருக்கிறது, இன்றைக்கும் பத்திரமாக. 2020லிருந்து ஜெட் விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது குலோன் புரோகோவில் கட்டிய புதியதில். நகரத்திலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பட்டியலில் நான் அதற்கு ஒரு கலம் போடவே இல்லை. போர்டிங் அட்டையில் ஒய்.ஐ.ஏ. என்று மூன்றெழுத்து கொட்டை எழுத்தில் இருந்தது. நாலு மணி நேரம் அந்த அட்டையைத்தான் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விமான நிலைய ரயிலில் நாற்பது நிமிஷம் போய் துகு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடித்து விடுதிக்குப் போனபோது மணி எட்டு. இருபத்தைந்து நிமிஷப் பயணத்துக்குக் காலை பத்தரைக்கு அறையைக் காலி செய்திருந்தோம்.

இரவு பையன் போன் செய்தான். திட்டவில்லை. நிதானமாக ஒன்று சொன்னான். "கம்பெனிப் பேரைப் பார்த்து என்னப்பா ஆகப்போகுது? ஒரே விமானம்தான் காலையிலேர்ந்து ராத்திரிவரை அந்த ஊர் இந்த ஊர்னு அலையுது. காலையில எங்கேயோ அரை மணி லேட்டானா அதை எல்லா ஊருக்கும் சுமந்துக்கிட்டே போகும். மத்தியானத்துக்குள்ள அது ரெண்டு மணி ஆயிடும். நீங்க புறப்படற நேரத்தைப் பாருங்க, இறங்கற விமான நிலையத்தைப் பாருங்க. ஜகார்த்தாவுக்கும் ரெண்டு இருக்கு, தெரியுமில்ல? சுகர்ணோ ஹத்தா ஒண்ணு, ஊருக்குள்ளேயே ஹலிம் ஒண்ணு."

தெரியாது. தெரியும் என்றேன்.

பிரம்பனானில் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம், சுற்றுச்சுவரில் ராமாயணம் கல்லில். மாமியார் அங்கே ஒவ்வொரு சிற்பமாக நின்று எனக்குக் கதை சொன்னார். அதாவது, பேச ஆரம்பித்துவிட்டார். ஜடாயு சிற்பத்துக்கு முன்னால் நின்று, "இவரும் பறக்கறவர்தான். ஆனா சொன்ன நேரத்துக்கு வந்தார்" என்றார்.

ஜகார்த்தாவுக்குத் திரும்ப டிக்கெட் போட்டது என் மனைவி. என்னைக் கேட்கவில்லை. விமானமே இல்லை, ரயில். பெயர் தக்சாகா. நம் தட்சகன்தான், பரீட்சித்து மகாராஜாவைத் தீண்டிய நாகராஜா. கருடனுக்கு ஜென்ம விரோதி. "பாம்பு வண்டியா?" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் ஏறினார். ஆளுக்கு இருபது கிலோவரை பெட்டிக்குப் பணம் கிடையாது. ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி, ஜகார்த்தாவின் நட்டநடுவில் காம்பிர் நிலையத்தில் இறக்கிவிட்டது. வழியெல்லாம் நெல் வயல். திருவிடைமருதூர் தாண்டுவதுபோலவே இருந்தது. நான் தூங்கிவிட்டேன் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மேடானுக்கும் ஒருமுறை போக வேண்டுமென்கிறார் மாமியார். நம் மக்கள் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறதாம். அந்த ஊர் இருக்கும் சுமத்ராவுக்கு இங்கிருந்து ரயில் கிடையாது. டிக்கெட்டைப் பையன் போட்டுவிட்டான். காலை ஆறு மணி விமானம், பெட்டிக்குச் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறான். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.